திகில் கேமில் கதவு திறக்கவில்லையா? வண்ணாரப்பேட்டைக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் சின்னதாக ஒரு கேம் கடை வைத்திருக்கிறேன். மூன்று டிவி, மூன்று கன்சோல், ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன். கிரிக்கெட்டும் ஃபுட்பாலும் ஆடுகிறவர்கள் என்னை எதுவும் கேட்பதில்லை. திகில் கேம் ஆடுகிறவர்கள்தான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "அண்ணா" என்று குரல் கொடுப்பார்கள். பேய் துரத்தும்போது யாரும் கூப்பிட மாட்டார்கள். கதவு திறக்காதபோதுதான் கூப்பிடுவார்கள். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். ரெசிடென்ட் ஈவில் 1, 7, சைலன்ட் ஹில் 1 ஆகிய கேம்களின் சில விடைகள் நடுவில் வந்துவிடும். இன்னும் ஆடாதவர்கள் பார்த்துப் படியுங்கள்.

பேய் கேம்ல எதுக்குண்ணா பசில்? சுட்டுக்கினே போக முடியாதா?

சண்டை இருக்கும்தான். ஆனால் இந்த வகை கேமுக்கு முதுகெலும்பே புதிர். 1989இல் காப்காம் நிறுவனம் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற கேம் பெட்டிக்கு ஸ்வீட் ஹோம் என்று ஒன்றை வெளியிட்டது. பாழடைந்த மாளிகைக்குள் ஐந்து பேர் மாட்டிக்கொள்வார்கள். ஒருவரிடம் லைட்டர், ஒருவரிடம் கேமரா, ஒருவரிடம் சாவி, ஒருவரிடம் மருந்துப் பெட்டி, ஒருவரிடம் வாக்குவம் க்ளீனர். ஆமாம், வாக்குவம் க்ளீனர்தான். உடைந்த கண்ணாடி கிடக்கும் இடத்தை அதை வைத்துத்தான் சுத்தம் செய்து தாண்ட வேண்டும். 1992இல் பிரான்சிலிருந்து அலோன் இன் த டார்க் வந்தது. கூரைக்குக் கீழே ஒரு அறையில் கேம் ஆரம்பிக்கும். அலமாரியைத் தள்ளி ஜன்னலை மறைத்து, மரப்பெட்டியைத் தள்ளித் தரைக்கதவின் மேல் வைத்துவிட்டால் பிசாசுகள் உள்ளே வரவே முடியாது. துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு முன்பே மூளைக்கு வேலை வந்துவிட்டது. 1996இல் வந்த முதல் ரெசிடென்ட் ஈவில் இந்த இரண்டுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி.

சாவியை ஒரு மூலையிலும் பூட்டை இன்னொரு மூலையிலும் வைப்பது ஏன் தெரியுமா? நடுவில் இருக்கிற இருட்டு வராந்தாவை நம்மைத் திரும்பத் திரும்பக் கடக்க வைப்பதற்கு. புதிர் இல்லாவிட்டால் ஓடிப்போய்விடுவோம். புதிர்தான் நம் சட்டையைப் பிடித்து அதே வீட்டுக்குள் நிறுத்தி வைக்கிறது.

பயத்துல மூளையே ஓடல. மத்தவங்க எப்படி யோசிக்கிறாங்க?

அவர்களுக்கும் ஓடாது. அதனால் முதலில் பயத்துக்கு ஒரு வழி பண்ணிவிட்டு அப்புறம் யோசிக்கிறார்கள். புதிர் உள்ள அறைக்குள் நுழைந்ததும் புதிரைத் தொடாதீர்கள். கதவு எத்தனை, எதன் வழியாக என்ன வரும், எங்கே ஒளியலாம் என்று ஒரு சுற்று பாருங்கள். அரை நிமிஷம் கையை எடுத்துவிட்டுக் காதை மட்டும் வையுங்கள். 2019இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2 மறு உருவாக்கத்தில் நம்மைத் துரத்திக்கொண்டே வரும் தொப்பி போட்ட அரக்கன் மிஸ்டர் எக்ஸ் மாடியில் நடக்கிறானா, பக்கத்து அறையில் நடக்கிறானா என்று காலடிச் சத்தத்திலேயே தெரியும். சைலன்ட் ஹில்லில் சட்டைப்பையில் ஒரு ரேடியோ இருக்கும். பூதம் பக்கத்தில் வந்தால் அது கரகரக்கும். கரகரப்பு இல்லையென்றால் யோசிக்க நேரம் இருக்கிறது என்று அர்த்தம்.

2010இல் வந்த அம்னீசியா: த டார்க் டிசென்ட் இதில் ஒரு படி மேலே போகும். கையில் ஆயுதமே கிடையாது. இருட்டில் நின்றால் நாயகனுக்குப் புத்தி பேதலிக்கும், விளக்கை ஏற்றினால் எண்ணெய் தீரும். ஆனால் ஒரு புதிரைத் தீர்த்தால் அந்தப் புத்தி கொஞ்சம் தெளியும். அங்கே புதிர்தான் மருந்து. பயந்துகொண்டு மூலையில் உட்கார்ந்தவன் கெட்டான். எழுந்து போய் நெம்புகோலைத் திருகியவன் பிழைத்தான்.

எல்லா பசிலும் ஒண்ணுதானே? ஒரே ஃபார்முலா இல்லையா?

இல்லை. முன்னால் நிற்பது எந்த வகை என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எடுத்து வந்து பொருத்துகிற வகைக்குக் கால்தான் வேண்டும், மூளை அவ்வளவாக வேண்டாம். உள்ளே சும்மா கொண்டு வந்து வைத்த பரீட்சை வகை ஒன்று உண்டு. 1993இல் வந்த த செவன்த் கெஸ்ட் முழுக்க அதுதான். பேய் மாளிகைச் சாப்பாட்டு மேஜையில் ஒரு கேக் இருக்கும். ஆளுக்கு இரண்டு மண்டையோடு, இரண்டு கல்லறைக் கல், ஒரு வெறும் துண்டு வருகிற மாதிரி அதை ஆறாக வெட்ட வேண்டும். பேய்க்கும் கேக்குக்கும் சம்பந்தமில்லை. வாரமலர் புதிர் மாதிரி பென்சிலை எடுத்துப் போட்டால் தீரும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வகை. அதில் வீடே புதிராக இருக்கும். முதல் ரெசிடென்ட் ஈவில் மாளிகையில் சுவரில் ஒரு துப்பாக்கி மாட்டியிருக்கும். எடுத்தால் பக்கத்து அறையின் கூரை இறங்கி வந்து ஆளை நசுக்கும். காரணம், அந்தக் கொக்கி எடையைப் பார்க்கிறது. உடைந்துபோன இன்னொரு துப்பாக்கியைத் தேடிக்கொண்டு வந்து அதே இடத்தில் மாட்டினால் கூரை அசையாது. மளிகைக் கடைத் தராசைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இது புரியும். இன்னொரு அறையில் வரிசையாகப் படங்கள், மேலே காக்கைக் கூட்டம். பச்சைக் குழந்தை, சிறுவன், வாலிபன் என்று கிழவர் வரைக்கும், கடைசியில் சாவு. ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு பொத்தான். வயது வரிசையில் அழுத்தினால் ஒளித்துவைத்த ஒரு சின்னம் கிடைக்கும். தப்பாக அழுத்தினால் காக்கைகள் மேலே விழும். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று நம் வீட்டுப் பாட்டி சொன்னதுதான் விடை. கடையில் இந்தப் புதிரை நான் பார்த்ததிலேயே வேகமாக முடித்தவர் மகனைக் கூட்டிக்கொண்டு போக வந்த ஒரு அம்மா. கன்ட்ரோலரைத் தொடவே இல்லை. வாசலில் நின்றபடியே வரிசையைச் சொல்லிவிட்டு, "டியூஷனுக்கு நேரமாகுது, வாடா" என்றார்.

இந்த வகையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்த வீட்டில் இருந்தவன் யார், எதை யாரிடமிருந்து ஒளிக்கப் பார்த்தான்?

நோட்டுல எழுதணுமா? போன்ல போட்டோ எடுத்தா போதாதா?

போட்டோ எடுத்தவர்கள் அதைத் திரும்பப் பார்த்து நான் பார்த்ததில்லை. எழுதுங்கள். கடையில் ஒரு கோடு போட்ட நோட்டு நூலில் கட்டித் தொங்குகிறது, பேனாவோடு.

நான் இதைக் கற்றுக்கொண்டது பிளேஸ்டேஷன் காலத்தில். பர்மா பஜாரில் வாங்கிய சிடியில் 1999இன் சைலன்ட் ஹில். பள்ளிக்கூடத்து இசை அறையில் ஒரு பியானோ, சில கட்டைகளில் ரத்தக் கறை. பக்கத்தில் ஒரு பாட்டு, குரலில்லாத பறவைகளைப் பற்றி. பெலிக்கன், புறா, அண்டங்காக்கை, அன்னம், காக்கை என்று ஒவ்வொன்றும் எங்கே போய் உட்கார்ந்தது என்று சொல்லும். ஒரு வாரம் கண்டபடி தட்டினேன். அப்போது எங்கள் வீட்டில் இன்டர்நெட் கிடையாது. பிரவுசிங் சென்டரில் அரை மணிக்குக் காசு கொடுத்தால் பாதி நேரம் பக்கம் திறப்பதற்கே போய்விடும்.

எட்டாவது நாள் ஒரு தாளில் பியானோக் கட்டைகளை வரைந்து, ஒவ்வொன்றாக அழுத்தி, சத்தம் வந்தால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனேன். சில கட்டைகளில் சத்தமே வரவில்லை. பென்சில் அப்படியே நின்றது. குரலில்லாத பறவை என்றால் சத்தம் வராத கட்டை! பெலிக்கன், புறா, அன்னம் வெள்ளை. அவை வெள்ளைக் கட்டை. காக்கை இரண்டும் கருப்பு; அவை கருப்புக் கட்டை. அப்புறம் யார் யாரைத் தாண்டிப் பறந்தார்கள், யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று பாட்டில் இருந்த வரிசைப்படி அழுத்தினேன். திறந்துகொண்டது.

அந்த ஒரு வாரமும் கேட்கிற சத்தத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன். தாளில் வரைந்த பிறகுதான் கேட்காதது கண்ணில் பட்டது. போட்டோவில் அது தெரிந்திருக்காது.

இங்கிலீஷ் லெட்டர் எல்லாம் முழ நீளம். படிக்க வரல. என்ன பண்றது?

இது வெட்கப்பட வேண்டிய கேள்வியே இல்லை. கடையில் பாதிப் பேருக்கு இதுதான் உண்மையான பூட்டு.

முழுவதும் படிக்க வேண்டாம். முதலில் எண்களைத் தேடுங்கள். அப்புறம் நிறங்கள், மிருகங்கள், திசைகள், ஆள் பெயர்கள். அந்தச் சொற்களை மட்டும் நோட்டில் எழுதிவிட்டு அறையைச் சுற்றிப் பாருங்கள். சுவரில் மூன்று சிலையும் கடிதத்தில் மூன்று மிருகமும் இருந்தால் ஒன்றோடொன்று முடிச்சுப் போடலாம்.

போனை டிவிக்கு நேராகப் பிடித்து மொழிபெயர்க்கலாம். உதவும், ஆனால் காலை வாரும். மேலே சொன்ன பியானோப் பாட்டில் யார் "கீ" ஆவார்கள் என்று ஒரு இடம் வரும். ஆங்கிலத்தில் கதவுச் சாவியும் கீதான், பியானோக் கட்டையும் கீதான். அந்தச் சிலேடையில்தான் புதிர் இருக்கிறது. போன் அதைச் "சாவி" என்று மாற்றிக்கொடுத்ததால் தியாகராயா கல்லூரிப் பையன் ஒருவன் ஒரு மணி நேரம் அலமாரி அலமாரியாகச் சாவி தேடினான். மொழிபெயர்ப்பு தமிழில் சப்பென்று இருந்தால் மூலத்தில் ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறதா என்று யாரையாவது கேளுங்கள்.

சைலன்ட் ஹில் 2இல் (2001) சண்டையின் கடுமையையும் புதிரின் கடுமையையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். 2024இல் வந்த மறு உருவாக்கத்திலும் அப்படியே. புதிரை ஈசியில் வையுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். மூன்றாம் பாகத்தில் (2003) ஒரு புத்தகக் கடைப் புதிர் உண்டு. அதைக் கடினத்தில் வைத்தால் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கில இலக்கியம் படித்தவர்களே அங்கே முழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

படிப்பே வேண்டாம் என்றால் லிம்போ (2010), இன்சைட் (2016), லிட்டில் நைட்மேர்ஸ் (2017). மூன்றிலும் பேச்சில்லாமலே கதை நகரும். தள்ளு, இழு, ஏறு, ஓடு, அவ்வளவுதான். லிம்போவில் அந்தச் சிலந்தி வரும்போது யாருக்கும் எந்த மொழியும் ஞாபகம் இருக்காது.

நம்பர் லாக்கை 000ல இருந்து ஒண்ணொண்ணா போட்டுப் பாக்கலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று இலக்கப் பூட்டுக்கு 1000 சேர்க்கை. ஒன்றுக்கு ஐந்து நொடி என்றால் 5000 நொடி, அதாவது 83 நிமிஷம். என் கடையில் மணிக்கு 60 ரூபாய். ஒரு பூட்டுக்கு மட்டும் 83 ரூபாய் ஆகும். எனக்கு லாபம்தான், தாராளமாகப் போடுங்கள்.

ஆனால் மூன்றில் இரண்டு இலக்கம் உறுதியாகத் தெரிந்துவிட்டால் மீதி பத்தே முயற்சி. அப்போது மூன்றாவது க்ளூவைத் தேடி இருட்டுக்குள் போவது முட்டாள்தனம், போட்டுப் பார்த்துவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு முட்டுவது வேறு, சுற்றி வளைத்து முட்டுவது வேறு. 2023இன் அம்னீசியா: த பங்கரில் பூட்டு எண்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். செத்த சிப்பாய்களின் கழுத்துத் தகட்டைத் தேடி எடுத்தால்தான் எண் கிடைக்கும். நண்பன் சொன்ன நம்பர் அங்கே செல்லாது.

கிரானியில ஏழு தடவ செத்துட்டேன். எப்படி வெளிய போறது?

இந்தக் கேள்விக்காகவே தனியாக ஒரு பலகை மாட்டலாம். 2017இல் போனுக்கு வந்த கிரானி. பூட்டிய வீடு, ஒரு கிழவி, ஐந்து நாள். ஒவ்வொரு தடவை அடி வாங்கினாலும் ஒரு நாள் கழியும். சாமான்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் இடம் மாறும். கையில் ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான். வாசல் கதவுக்குப் பூட்டுச் சாவி, எண், பலகையைப் பெயர்க்கச் சுத்தியல், ஒயரை வெட்டக் கட்டிங் பிளேயர் என்று ஒன்றின் மேல் ஒன்றாகத் தடை. கார் வழியும் உண்டு. ஸ்பார்க் பிளக், பேட்டரி, பெட்ரோல் எல்லாம் தேட வேண்டும்.

எல்லோரும் செய்கிற தப்பு, முதல் நாளே தப்பிக்கப் பார்ப்பது. முதல் நாளை வீடு பார்க்கிற நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அடி விழுந்தாலும் பரவாயில்லை. எந்த இடத்தில் பலகை கிறீச்சிடும், எந்தக் கட்டிலுக்கு அடியில் இடம் இருக்கிறது என்று மனப்பாடம் ஆகட்டும். கிழவி வீட்டில் இல்லாத பயிற்சி ஆட்டமும் இருக்கிறது. அதில் இரண்டு தடவை சுற்றிவிட்டு வந்தாலும் சரி.

அப்புறம் சத்தம். கீழே எது விழுந்தாலும் அவளுக்குக் கேட்கும், ஓடி வருவாள். அதை ஆபத்தாக மட்டும் பார்க்கிறவன் மாட்டிக்கொள்வான். என் அக்கா மகளுக்குப் பத்து வயது, கல்மண்டபத்தில் இருக்கிறாள். அவள் ஆடுவதைப் பார்த்துத்தான் எனக்கே புத்தி வந்தது. வேண்டாத சாமான் ஒன்றை மாடியின் ஒரு கோடியில் வேண்டுமென்றே போடுவாள். உடனே பக்கத்து அறைக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாள். கிழவி வந்து பார்த்துவிட்டுத் திரும்பும் வரை உதட்டை அசைத்து எண்ணுவாள். காலடி தேய்ந்ததும் எதிர்ப்பக்கமாக இறங்கி, தான் போக வேண்டிய அறைக்குப் போய்விடுவாள். "எங்கடி கத்துக்கினே?" என்று கேட்டேன். அவள் அப்பா காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போய்விட்டு வந்து பகலில் தூங்குகிறவர். வீடு ஒரே அறை. இரும்பு பீரோவைச் சத்தமில்லாமல் திறப்பது எப்படி என்று அவளுக்கு நான்கு வயதிலிருந்தே தெரியும்.

பை நிரம்பிடுது. எதை எடுத்துக்கினு போறது, எதை விட்டுட்டுப் போறது?

முதல் ரெசிடென்ட் ஈவிலில் நாயகி ஜில்லுக்குப் பையில் எட்டு இடம், நாயகன் கிறிஸ்ஸுக்கு ஆறுதான். 2022இல் வந்த சிக்னாலிஸ் கேமிலும் ஆறு. இங்கே பை அளவுதான் புதிர்.

கைப்பம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மாடி ஏறியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நடைக்கு இரண்டு குடம், எத்தனை நடை, எந்த நடையில் எந்தக் குடம். அதே கணக்குதான். வெளியே கிளம்பும்போது ஒரு நடைக்கு ஒரே நோக்கம் வையுங்கள். ஒரு துப்பாக்கி, ஒரு மருந்து, அந்த நடைக்கு வேண்டிய சாவி. மீதி இடம் காலியாக இருக்கட்டும்; வழியில் கிடைப்பதை எடுக்க வேண்டுமே.

ரெசிடென்ட் ஈவில் 2 மறு உருவாக்கத்தில் மேப் உங்களுக்காகவே உழைக்கும். அறை சிவப்பாக இருந்தால் இன்னும் ஏதோ மிச்சம், நீலமானால் காலி. ஒரு சாவிக்கு வேலை முடிந்ததும் அதன் மேல் ஒரு டிக் விழும், தூக்கிப் போட்டுவிடலாம். மாட்டிக்கொண்டால் மேப்பைத் திறந்து சிவப்பு அறைகளை மட்டும் எண்ணுங்கள். பெரும்பாலும் விடை அதில் ஒன்றில் உட்கார்ந்திருக்கும்.

யூடியூப் பாத்து முடிச்சா தப்பா?

தப்பில்லை. காசு உங்களுடையது. ஆனால் முழு வீடியோவையும் ஓட்டினால் அடுத்த மூன்று புதிரின் விடையும் சேர்ந்தே காதில் விழுந்துவிடும். என் வழக்கம் இது: இருபது நிமிஷம் நானே முட்டுவேன். அப்புறம் ஏற்கெனவே முடித்தவரிடம் "சரியான அறையில்தான் இருக்கிறேனா?" என்று மட்டும் கேட்பேன். முக்கால்வாசி நேரம் அந்த ஒரு பதிலே போதும். விடை தெரியாமல் நிற்பதைவிட, தப்பான அறையில் நிற்பதுதான் அதிகம்.

கேமே, கேட்டால் சொல்கிற ஆளாக இருப்பதும் உண்டு. செவன்த் கெஸ்டில் நூலகத்தில் ஒரு புத்தகம் இருக்கும். போய்ப் பார்த்தால் முதலில் ஜாடை காட்டும், திரும்பத் திரும்பப் போனால் புதிரையே தீர்த்துக்கொடுத்துவிடும்.

இதில் கில்லாடி வேலை ரெசிடென்ட் ஈவில் 7 (2017). ஒரு வீடியோ கேசட் கிடைக்கும். போட்டால், ஒரு கேமராக்காரனாக நாம் ஒரு பிறந்தநாள் அறைக்குள் மாட்டிக்கொள்வோம். மெழுகுவர்த்தியை ஏற்றி கேக்கில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. ஒவ்வொரு படியாகச் செய்து, ஒரு கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்டு, கடைசியில் மெழுகுவர்த்தியை வைத்ததும் அவன் எரிந்து சாவான். பிறகு உண்மையான நாயகனாக அதே அறைக்குள் நுழைவோம். இப்போது கடவுச்சொல் நமக்கு முன்பே தெரியும். அதை நேராகப் போட்டுவிட்டால், கேமராக்காரனைக் கொன்ற படியை மிதிக்காமலேயே வெளியே வந்துவிடலாம். அடுத்தவன் ஆடின வீடியோவைப் பார்த்துத் தப்பிப்பதுதான் அங்கே சரியான விடை. நான் முதல் தடவை பார்த்ததை மறந்துவிட்டு எல்லாப் படியையும் ஒழுங்காகத் திரும்பச் செய்து செத்தேன்.

நாலு பேரா உக்காந்து ஆடலாமா?

ஆடலாம், கேரம் போர்டு சட்டம் பொருந்தும். எங்கள் தெரு கிளப்பில் நான்கு பேர் ஆடுவார்கள், பத்து பேர் சுற்றி நின்று எந்தக் காயை எங்கே அடி என்று கத்துவார்கள். அந்தப் பத்து பேர் வாயை மூடினால் ஸ்ட்ரைக்கர் வைத்திருப்பவனுக்குக் கை நிதானமாக இருக்கும். அதனால் கன்ட்ரோலர் ஒருவன் கையில், நோட்டு ஒருவன் கையில். மற்றவர்கள் பார்க்கலாம், கேட்டால்தான் சொல்லலாம்.

கூட்டமாகத் தீர்த்த கதைக்கு 2014இன் பி.டி.யைச் சொல்வார்கள். பிளேஸ்டேஷன் 4இல் இலவசமாக வந்த டெமோ. ஒரே நடைபாதை, சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கே வரும். கடைசிப் புதிரை எது திறக்கிறது என்று உலகம் முழுக்க ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். இத்தனை அடி நட, அசையாமல் நில், மைக்கில் பேசு. மறு வருஷம் அதைக் கடையிலிருந்து எடுத்தே விட்டார்கள். இப்போது அதை ஆட வேண்டுமென்றால் அப்போதே ஏற்றிவைத்த பெட்டியைத் தேடிப்போக வேண்டும்.

லாஜிக்கே இல்லாத பசில் வந்தா?

வரும். மனம் தளர வேண்டாம், தப்பு உங்கள் மேல் இல்லை. 1999இல் வந்த கேப்ரியேல் நைட் 3 திகிலும் துப்பறிதலும் கலந்தது. அதில் வேறொருவர் மாதிரி வேஷம் போடுவதற்குப் பூனை முடியை எடுத்துப் பாகில் ஒட்டி மீசை செய்ய வேண்டும். யாருடைய வேஷமோ அந்த ஆளுக்கு மீசையே கிடையாது. பாஸ்போர்ட் படத்தில் பேனாவால் மீசை வரைந்துகொள்ள வேண்டும்! இந்த மாதிரி இடத்தில் நேராக யூடியூப். இருபது நிமிஷக் கணக்கெல்லாம் வேண்டாம்.

கரண்ட் போனா சேவ் ஆகியிருக்குமா?

பழைய ரெசிடென்ட் ஈவிலில் டைப்ரைட்டருக்கு இங்க் ரிப்பன் இருந்தால்தான் சேவ். புது கேம்களில் தானாக ஆகும், ஆனால் நீங்கள் நினைத்த இடத்தில் ஆகாது. புதிருக்குக் கை வைப்பதற்கு முன்னால் ஒரு சேவ், முடித்ததும் ஒரு சேவ். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது நாலு நாள் கரண்ட் இல்லை. ஒரு பையன் சேவ் பண்ணாமல் விட்ட ஆட்டத்தின் வழியை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நோட்டில் வரைந்துவைத்துவிட்டு, ஐந்தாவது நாள் வந்து அரை மணியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தான். கடையில் இப்போது யூபிஎஸ் உண்டு. பத்து நிமிஷம் தாங்கும்.

கடை நோட்டை வீட்டுக்கு எடுத்துக்கினு போலாமா?

கூடாது. அதில் எட்டு வருஷத்துக் கையெழுத்து இருக்கிறது, நூலில் கட்டியிருப்பது அதற்குத்தான். வேண்டிய பக்கத்தை உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், அதற்குக் காசு இல்லை. 17ஆம் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனவர் யாரென்று எனக்குத் தெரியும், பியானோ அதில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கதவுக்கு அடியில் போட்டுவிடுங்கள், எதுவும் கேட்க மாட்டேன்.